இரண்டரைக் கட்டையில் ஓபோ: இடது எஃப் கீ இருக்கும் கருவியா, தம்ப்பிளேட்டா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பேரன்

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா நாயனம், அப்பா நாயனம். நானும் பதினாறு வயது வரை அப்பாவிடம் உட்கார்ந்து சரளி வரிசை, அலங்காரம், நாலைந்து வர்ணம் வரை வாசித்தேன். அப்புறம் டிப்ளமா, வேலை என்று எல்லாம் போயிற்று. இப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். மாம்பழ சீசன் முடியும் வரை என்னிடம் இசை பற்றி யாரும் பேச முடியாது, கனவில்கூடப் பழம்தான் வரும். மற்ற மாதங்களில் ஓபோ, அதாவது நாயனம் போலவே இரட்டை நாக்கு வைத்து ஊதும் மேற்கத்திய வாத்தியம்.

இரண்டு வருடம் முன்பு பெங்களூரில் ஒரு கடையில் பழைய பிளாஸ்டிக் ஓபோ வாங்கினேன். "ஃபுல் கன்சர்வேட்டரி சார், எல்லா கீயும் இருக்கு" என்றார் கடைக்காரர். (கன்சர்வேட்டரி என்பது ஓபோவின் ஒரு கீ அமைப்பு.) வீட்டுக்கு வந்து இணையத்தில் இருக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இடது சுண்டு விரலுக்குக் கீழே இருக்க வேண்டியதில் இரண்டு கீ இல்லை. இடது எஃப் (எஃப் சுரத்தை இடது சுண்டு விரலால் எடுக்கும் கீ) இல்லை. கீழ் பி பிளாட்டும் இல்லை. போன் போட்டுக் கேட்டேன். "ஆரம்பத்துக்கு அதெல்லாம் எதுக்கு சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆரம்பத்துக்குத் தேவையில்லை என்பது அவர் கணக்கு. என் கணக்கு வேறு. அப்பாவின் பாரி நாயனம் (நீளமான வகை) இரண்டரைக் கட்டை சுருதி. அதோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையே. இரண்டரைக் கட்டை என்றால் ஷட்ஜம் ஈ பிளாட். அதில் எனக்கு இரண்டு இடத்தில் முட்டுகிறது.

முதல் இடம், ச–ரி. அதாவது ஈ பிளாட்டிலிருந்து எஃப். மோதிர விரலைத் துளையிலிருந்து எடுத்து எஃப் கீ மேல் வைப்பதற்குள் நடுவில் 'ஈ' எட்டிப் பார்த்துவிடுகிறது. சங்கராபரணம் வாசிக்கும்போது சுத்த ரிஷபம் தலை நீட்டினால் அப்பா முகம் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. சரி, ஃபோர்க் எஃப் (எஃப் கீயைத் தொடாமலே எஃப் எடுக்கும் மாற்று விரலடி) வைக்கலாம் என்று நடுவிரலை மட்டும் தூக்கிப் பார்த்தேன். விரலடிப் படத்தில் போட்டிருப்பது போலவே சுண்டு விரலையும் எடுத்துவிட்டேன். சத்தம் கஞ்சி மாதிரி கொழகொழவென்று, சுருதியும் இறங்கி வருகிறது.

இரண்டாவது, மந்திர பஞ்சமம். அது கீழ் பி பிளாட். என் ஓபோ 'பி'யோடு நின்றுவிடுகிறது. முதல் நாள் வாசித்துக் காட்டியபோது அப்பா கேட்ட ஒரே கேள்வி, "கீழ்ப் பஞ்சமம் எங்கடா?"

இப்போது பெங்களூரில் ஒருவர் இரண்டு கருவிகளை விற்கிறார்.

ஒன்று: மேல் பாகம் பிளாஸ்டிக், கீழ் பாகம் மரம். கன்சர்வேட்டரி. இடது எஃப், எஃப் ரெசனன்ஸ் (ஃபோர்க் எஃப்பைத் தெளிவாக்கத் தானாகத் திறக்கும் மூடி), கீழ் பி பிளாட், செமி ஆட்டோமேட்டிக் ஆக்டேவ் (ஆக்டேவ் கீ என்பது சுரத்தை மேல் ஸ்தாயிக்கு ஏற்றுவது). மூன்றாம் ஆக்டேவ் கீ கிடையாது.

இரண்டு: முழுக்க மரம், இங்கிலாந்திலிருந்து வந்தது. தம்ப்பிளேட், அதாவது இடது கட்டை விரலுக்கும் ஒரு தட்டு வைத்த வேறு கீ அமைப்பு. கீழ் பி பிளாட் உண்டு, மூன்றாம் ஆக்டேவ் உண்டு, இடது எஃப் இல்லை. முதலாவதைவிட இருபதாயிரம் குறைவு.

இரண்டாவதை ஐந்து நிமிடம் கையில் வாங்கி ஊதினேன். என்னவோ அதுதான் பழகிய பிள்ளை மாதிரி இருந்தது. காரணமும் தெரிகிறது. என் ஓபோவில் 'பி' வாசிக்கும்போது வலது ஆள்காட்டி விரலை வைத்தால் சுரம் ஏறி 'சி' ஆகிறது. விரலை வைத்தால் சுரம் ஏறுமா? நாயனக்காரன் மூளைக்கு அது இன்றுவரை ஏறவில்லை. தம்ப்பிளேட்டில் இடது கட்டை விரலை எடுத்தால் ஏறுகிறது. அதுதானே நியாயம்?

இதற்குத்தான் உங்களைக் கேட்கிறேன். இடது எஃப் இல்லாமல் காலம் தள்ள முடியுமா?

---

பாரூர் ஏரிக்கரை

அண்ணா, தப்பா நினைக்காதீங்க. ஏழு துளையில் அப்பா எல்லாத்தையும் வாசிக்கிறார், கூடவே அடியில் இருக்கும் அஞ்சு துளையை அவர் தொடுவதே இல்லை. உங்களுக்கு இத்தனை கீ இருந்தும் ச–ரி வரலையா? பேசாமல் நாயனம் செய்யும் ஆச்சா மரத்துக்கே திரும்பி வந்துடுங்க.

(வாசிச்சு ஒரு ஒலிப்பதிவு போடுங்க. ஓபோவில் சங்கராபரணம் கேட்டதில்லை.)

---

ஓசூர் இரட்டை நாக்கு

பேரன், உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. நீங்கள் பார்த்த விரலடிப் படம் உங்கள் கருவிக்கானது இல்லை. அதை முதலில் சரி செய்துவிட்டு அப்புறம் பணத்தை எடுப்போம்.

எஃப் வாசிக்க ஓபோவில் மூன்று வழி. மூன்றிலும் இடது கை மூன்று விரலும் மூடியே இருக்கும், வலது ஆள்காட்டியும் மூடியிருக்கும். மாறுவதெல்லாம் மீதி விரல்கள்தான்.

நேர் எஃப்: வலது நடுவிரல் மூடி, மோதிர விரல் எஃப் கீயை அழுத்தும். ஈ, எஃப் ஷார்ப், ஜி போன்ற இடங்களிலிருந்து வந்தால் இதுதான் சுகம், ஏனென்றால் அப்போது மோதிர விரல் சும்மா இருக்கிறது. டி, ஈ பிளாட், கீழ் சி, சி ஷார்ப் இவற்றிலிருந்து வந்தால் அந்த விரல் துளையில் மாட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து கீக்குத் தாவும் நேரத்தில்தான் உங்கள் சுத்த ரிஷபம் நுழைகிறது.

ஃபோர்க் எஃப்: மோதிர விரல் துளையிலேயே இருக்க, நடுவிரல் மட்டும் எழும். எஃப் ரெசனன்ஸ் உள்ள கருவியில் நடுவிரல் எழுந்து மோதிர விரல் கீழே இருந்தாலே இன்னொரு மூடி தானாகத் திறந்து சத்தத்தைத் தெளிவாக்கும். நீங்கள் பார்த்த படம் அந்தக் கருவிக்கானது. உங்களுடையதில் அந்த மூடி கிடையாது. அந்த வேலையை உங்கள் வலது சுண்டு விரல் செய்ய வேண்டும். ஈ பிளாட் கீயை விடாமல் அழுத்தியே வைத்திருங்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். உங்கள் ஷட்ஜமே ஈ பிளாட். சுண்டு விரல் ஏற்கெனவே அந்தக் கீ மேல்தான் இருக்கிறது. ச–ரி வாசிக்க நடுவிரலைத் தூக்குங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். ரி–ச என்றால் திரும்ப வையுங்கள். ஒரே விரல். இரண்டரைக் கட்டைக்காரனுக்கு மலிவு ஓபோ கொடுக்கும் வரம் இது. படம் சொன்னபடி சுண்டு விரலை எடுத்ததால்தான் கஞ்சி.

இடது எஃப்: இடது சுண்டு விரல் ஒரு கீயை அழுத்தினால் அதே எஃப் மூடி இடப்பக்கத்திலிருந்து திறக்கும். சத்தம் நேர் எஃப் போலவே சுத்தமாக இருக்கும். ஆனால் ஈ பிளாட்டிலிருந்து போகும்போது வலது மோதிர விரலும் சுண்டு விரலும் எழ வேண்டும், அதே நொடியில் இடது சுண்டு விரல் இறங்க வேண்டும். இரண்டு கையும் ஒன்றாக மூச்சு விட வேண்டிய வேலை. ரிஷபத்தில் நின்று இழுக்கும் இடத்தில் இடது எஃப் அருமை. மூன்றாம் காலத்தில் ச–ரி–ச–ரி என்று ஓடும்போது நான் ஃபோர்க்குக்குத்தான் போவேன். இடது எஃப் இருந்தும் அப்படித்தான்.

மூன்றாம் ஆக்டேவ் கீ பற்றிக் கவலையே வேண்டாம். அது மேலே, தார ஷட்ஜத்துக்கும் ஒரு ஸ்தாயி மேலே இருக்கும் 'ஈ'யைத் தாண்டிப் போகிறவர்களுக்கு. உங்கள் அப்பா அங்கே போக மாட்டார், நீங்களும் போக வேண்டியதில்லை.

கீழ் பி பிளாட்தான் உண்மையான பிரச்சினை. அதற்கு விரலடித் தந்திரம் எதுவும் கிடையாது, குழாயில் இல்லாத நீளத்தை உதட்டால் கொண்டுவர முடியாது. ஒன்று கவனித்தீர்களா? ஓபோவின் கடைசிச் சுரமே அந்த பி பிளாட்தான். இரண்டு கட்டையில் வாசித்தால் மந்திர பஞ்சமம் 'ஏ', அது எந்த ஓபோவிலும் வராது. மந்திர பஞ்சமம் வரை தொட வேண்டுமென்றால் இரண்டரைக் கட்டைதான் கடைசிப் படி. அப்பாவின் நாயனமும் அதே சுருதியில் அமைந்தது உங்கள் அதிர்ஷ்டம்.

மூன்று கட்டைக்கு ஏறினால் இப்போது இருக்கும் கருவியே போதும். ச–ரி என்பது ஈ–எஃப் ஷார்ப், ஒரு விரல் எடுப்பு. மந்திர பஞ்சமம் 'பி', அது உங்களிடம் இருக்கிறது. தனியாகப் பழகும்போது அப்படிப் பழகலாம்.

இன்னொன்று. சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் வாசித்தால் ப–த என்பது பி பிளாட்–பி. இடது நடுவிரலும் வலது ஆள்காட்டியும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஒன்று முந்தினால் நடுவில் 'ஏ'யோ 'சி'யோ கேட்கும். இதைத் தினமும் பத்து நிமிடம் மெதுவாக வாசியுங்கள். எந்தக் கீயும் உங்களை இதிலிருந்து காப்பாற்றாது.

---

காவேரிப்பட்டணம் பேரன்

ஓசூர் அண்ணா, காலைப் பிடித்துக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி பத்து மணிக்குப் படித்தேன். உடனே எடுத்து, சுண்டு விரலை ஈ பிளாட் கீயில் ஒட்டிவைத்துக்கொண்டு நடுவிரலை மட்டும் தூக்கினேன். வந்துவிட்டது. இரண்டு வருடம்! இரண்டு வருடம் அந்தச் சுண்டு விரலைத் தூக்கித் தூக்கி என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து அறையிலிருந்து அப்பா இருமினார். அது பாராட்டா தூக்கம் கெட்டதா என்று தெரியவில்லை.

சத்தம் நேர் எஃப் அளவுக்கு இல்லை, கொஞ்சம் மூடினாற்போலத்தான் இருக்கிறது. ஆனால் சுருதி நிற்கிறது.

அப்படியானால் எனக்கு உண்மையில் வேண்டியது கீழ் பி பிளாட் மட்டும்தானா? அப்போது தம்ப்பிளேட் கருவியை வாங்கினாலும் குற்றமில்லையே? இருபதாயிரம் மிச்சம்.

---

தேன்கனிக்கோட்டை தும்பை

அண்ணா, நான் பதினோரு வருஷமாகத் தம்ப்பிளேட் வாசிக்கிறேன், அதனால் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும். கான்வென்டில் இசை சொல்லிக்கொடுத்த டீச்சர் அதில்தான் வாசித்தார், எனக்கும் அதுவே வந்தது.

விரலை எடுத்தால் ஏற வேண்டும் என்று நீங்கள் சொன்னது சரிதான். உங்கள் சுருதியில் வைத்தே சொல்கிறேன். ம–ப என்பது ஏ பிளாட்–பி பிளாட். கன்சர்வேட்டரியில் இடது மோதிர விரலும் சுண்டு விரலும் எழும்போது வலது ஆள்காட்டி இறங்க வேண்டும். தம்ப்பிளேட்டில் அந்த இரண்டோடு கட்டை விரலும் சேர்ந்து எழும். மூன்றும் ஒரே பக்கம் போகின்றன. கை குழம்புவதே இல்லை.

ஆனால் நாயனத்தில் கட்டை விரலுக்கு என்ன வேலை? தாங்கிப் பிடிப்பதுதான். ஓபோவில் இடது கட்டை விரலுக்கு ஏற்கெனவே ஆக்டேவ் கீ வேலை இருக்கிறது. அதோடு தம்ப்பிளேட்டும் சேர்ந்தால் மத்திய ஸ்தாயியில் ஒரு வேலை, தாரத்துக்குப் போகும்போது இரண்டு வேலை. எனக்கு அது பழக முழுசாக ஒரு வருஷம் ஆனது. இரண்டு வருஷம் கன்சர்வேட்டரியில் பழகிய உங்கள் கட்டை விரல் சும்மா இருந்தே சோம்பேறியாகி இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு வசதியும் சேர்ந்த கருவியும் உண்டு, டூயல் சிஸ்டம் என்பார்கள். தம்ப்பிளேட்டை எப்போதும் அழுத்திவைத்துக்கொண்டு வலது ஆள்காட்டியாலும் வாசிக்கலாம். விலை கேட்டால் நெஞ்சு வலி வரும்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று, ஃபுல் ஆட்டோமேட்டிக் ஆக்டேவ். யாராவது ஆசை காட்டுவார்கள், அதனால் சொல்கிறேன். அதில் ஒரே ஆக்டேவ் கீதான். ஜி ஷார்ப்பிலிருந்து ஏ–க்குப் போகும்போது இடது மோதிர விரல் எழுந்தவுடன் அதுவே முதல் துளையை மூடி இரண்டாவதைத் திறந்துவிடும். உங்கள் சுருதியில் அது தார ம–ப நடுவே நடக்கும். சுகம்தான். ஆனால் உள்ளே ஸ்பிரிங்கும் கம்பியும் அதிகம், ஒரு நாள் காலையில் எடுத்தால் பஞ்சமம் வராது, ஏன் என்று யாருக்கும் தெரியாது. செமி ஆட்டோவில் கட்டை விரலை அழுத்தியபடியே ஆள்காட்டி விரலின் அடிப்பக்கத்தால் பக்கக் கீயைத் தொட்டால் போதும். கட்டை விரலை எடுக்க வேண்டியதில்லை, முதல் துளை தானாக மூடிக்கொள்ளும். அது உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமாக இருக்கும்.

மரக் கருவி என்றால் ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் டிசம்பர் காலை ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்து உடனே ஊதிவிடாதீர்கள். மரம் வெளியே சில்லென்று இருக்கும், உள்ளே சூடான மூச்சு போகும், விரிசல் அப்படித்தான் விழுகிறது. நான் மேல் பாகத்தைச் சால்வைக்குள் அக்குளில் பத்து நிமிடம் வைத்திருப்பேன். அம்மா பார்த்துவிட்டு "காய்ச்சல் பார்க்கிறியா?" என்பாள்.

---

தருமபுரி பேண்டு பட்டறை

தம்பி, நான் ஓபோ வாசிக்கிறவன் இல்லை. பேண்டு செட்டு கிளாரினெட், சாக்ஸபோன் ரிப்பேர் பார்க்கிறேன், முப்பது வருசம் ஆச்சு. ஓபோ என் கைக்கு மொத்தம் ஆறோ ஏழோ வந்திருக்கும். அதில் நாலு, சொந்தக்காரரே திருகாணியைத் திருகிக் கெடுத்துக் கொண்டுவந்தது.

நீங்க எல்லாரும் எந்தக் கீ இருக்கு, எந்தக் கீ இல்லை என்று பேசுறீங்க. இருக்கிற கீ மூடுதா என்று யாரும் கேட்கலை. இத்தனை கீயும் ஒன்றை ஒன்று பிடித்துத் தள்ளுகிற வாத்தியம் இது. ஒரு மூடி முடி அளவு தூக்கி நின்றால் அதற்குக் கீழே இருக்கிற சுரமெல்லாம் போச்சு. கீழ் பி பிளாட் கீ இருந்தும் அந்தச் சுரம் வராத ஓபோவை நான் பார்த்திருக்கேன்.

வாங்கப் போகும்போது இதைச் செய்யுங்க. மேல் பாகத்தைக் கழற்றி, வாசிக்கிற மாதிரி விரல் எல்லாம் வைத்து, அடியை உள்ளங்கையால் அடைத்து, மேல் வாயில் உறிஞ்சுங்க. காற்று இழுத்துக்கொண்டு நிற்கணும். விட்டவுடன் 'பக்'கென்று சத்தம் வந்தால் நல்ல பிடிப்பு. உறிஞ்ச உறிஞ்ச ஓடிக்கொண்டே இருந்தால் எங்கேயோ ஒழுகுது. கீழ் பாகத்துக்கும் அதே மாதிரி. அப்புறம் சிகரெட் சுற்றுகிற தாளைச் சின்னதாக வெட்டி ஒவ்வொரு மூடிக்கும் அடியில் வைத்து, மூடி, மெல்ல இழுங்க. எல்லா மூடியும் ஒரே மாதிரி பிடிக்கணும். அந்தத் தாள் பெட்டியில் எப்பவும் இருக்கட்டும். துளையில் தண்ணி கோத்துக்கிட்டு கொளகொளவென்றால் அதே தாளை மூடிக்கு அடியில் வைத்து ஒற்றி எடுக்கலாம்.

எஃப் ரெசனன்ஸ் இருக்கு என்று விற்கிறவர் சொன்னால் நம்பாதீங்க. சுண்டு விரலை எடுத்துவிட்டு ஃபோர்க் எஃப் ஊதுங்க. நேர் எஃப் மாதிரியே இருந்தால் இருக்கு. கஞ்சி வந்தால் இல்லை, இல்லாட்டி இருந்தும் வேலை செய்யலை.

மரக் கருவியில் மேல் பாகத்தில் டிரில் கீ (இரண்டு சுரத்தை வேகமாக மாற்றி மாற்றி வாசிக்கிற கீ) துளை இருக்கிற இடத்தை வெயிலில் பிடித்துப் பாருங்க. விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். மெழுகு தேய்த்து மறைத்திருந்தாலும் வெயிலில் கோடு தெரியும்.

திருகாணியைத் தொடாதீங்க. தொட்டே ஆகணும் என்றால் எவ்வளவு திருகினீங்க என்று எழுதி வைத்துவிட்டுத் தொடுங்க. கால் சுற்றே அதிகம்.

---

பாரூர் ஏரிக்கரை

பட்டறை அண்ணா, "சொந்தக்காரரே கெடுத்துக் கொண்டுவந்தது" என்று சொன்னது என் சித்தப்பாவின் கிளாரினெட் இல்லையே?

---

தருமபுரி பேண்டு பட்டறை

பேர் சொல்ல மாட்டேன். தொழில் தர்மம்.

---

ஓசூர் இரட்டை நாக்கு

பட்டறை அண்ணன் சொன்னதுக்கு மேல் பேச்சில்லை. நான் விட்ட ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்.

பேரன், இடது எஃப் இல்லாமல் காலம் தள்ளலாம் என்று நான் சொன்னது ச–ரி2 (சங்கராபரணத்தின் ரிஷபம்) வைத்து. கரகரப்பிரியாவுக்கும் அதே ரிஷபம்தான், அதனால் அங்கேயும் ஃபோர்க் போதும். ஆனால் அதில் நி2–ச வரும்போது டி பிளாட்–ஈ பிளாட். கீழ் ஸ்தாயியில் இரண்டு கீயும் வலது சுண்டு விரலுக்கே. ஒரு கீயிலிருந்து இன்னொன்றுக்கு அந்த விரல் வழுக்கிப் போக வேண்டும், மூக்கில் விரலைத் தேய்த்துக் கொஞ்சம் எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டுகூட வழுக்குவார்கள். அங்கே உதவுவது இடது ஈ பிளாட் கீ. த–ச என்று தாவினாலும் அதே கதை, கீழ் சி–யும் அதே விரல்தான். உங்கள் பழைய ஓபோவிலேயே அது இருக்க வேண்டும், இடது சுண்டு விரலுக்குப் பக்கத்தில் தேடுங்கள். இருந்தும் தொடாமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கமகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாயன வீட்டுப் பிள்ளை அதைக் கேட்காமல் இருக்க முடியாது. இப்போது நாம் வாசிக்கும் தட்டு மூடி ஓபோ 1906-இல் வந்தது, பாரிஸில் ஜார்ஜ் ஜிலேயும் லோரே பட்டறையும் சேர்ந்து அமைத்தது. அதற்கு முன் வளையக் கீ, விரல் நேராகத் துளையைத் தொட்டது. தட்டு வந்ததால் டிரில் எல்லாம் சுலபமாயிற்று, நமக்குத் துளையைப் பாதி திறந்து இழுக்கும் வழி போயிற்று. இடது ஆள்காட்டித் தட்டில் மட்டும் அரைத் துளை உண்டு. உங்கள் சுருதியில் மேல் நிஷாதமும் தார ஷட்ஜமும் அதில்தான் வரும். மற்ற இடத்தில் கமகம் உதட்டிலும் மூச்சிலும்தான். அப்பா சீவாளியை (நாயனத்தின் ரீட்) உதட்டால் எப்படிப் பிடிக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அதற்கு எந்த ஓபோ வாத்தியாரும் வேண்டாம்.

---

காவேரிப்பட்டணம் பேரன் (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பெங்களூர் போனேன். மனசுக்குள் தம்ப்பிளேட்டை வாங்குவதாகவே முடிவு செய்திருந்தேன். சிகரெட் தாள் வாங்கப் பெட்டிக்கடையில் கேட்டபோது கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார், அதையும் பட்டறை அண்ணன் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

தம்ப்பிளேட் கருவியை மாடிக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தேன். டிரில் கீ துளையிலிருந்து மேலே நகத்தால் கீறினாற்போல ஒரு கோடு. விற்பவர் நல்ல மனிதர். "அது எனக்கே தெரியாது" என்று அவரே வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் பெட்டியில் வைத்துவிட்டார். உறிஞ்சிப் பார்த்ததில் காற்று நிற்கவும் இல்லை. தும்பை, உங்கள் கட்சி தோற்கவில்லை, மரம்தான் தோற்றது.

முதல் கருவி இரண்டு பாகமும் பிடித்தது. கீழ் பி பிளாட் முதல் ஊதலிலேயே வந்தது, கை நடுங்கியது. சுண்டு விரலை எடுத்து ஃபோர்க் எஃப் ஊதினேன், நேர் எஃப் மாதிரியே தெளிவு. வாங்கிவிட்டேன்.

ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். இந்த மூன்று வாரமாகச் சுண்டு விரலை ஈ பிளாட்டிலேயே ஒட்டிவைத்து ஒட்டிவைத்துப் பழகிவிட்டேன். புதுக் கருவியில் ரெசனன்ஸ் மூடியும் திறக்கிறது, என் சுண்டு விரலும் திறக்கிறது. இரண்டும் சேர்ந்து ரிஷபம் மேலே ஏறி நிற்கிறது. முன்பு இறங்கியது, இப்போது ஏறுகிறது. இனி அந்த விரலுக்கு மறுபடி எடுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஓசூர் அண்ணா, நிதானமான இடத்தில் இடது எஃப் வைத்துப் பார்க்கிறேன், பத்துக்கு ஆறு முறை வருகிறது. இடது ஈ பிளாட் கீ பழைய கருவியிலும் இருந்தது. உண்மைதான், தொட்டதே இல்லை.

வீட்டில் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சுருதிப் பெட்டியை இரண்டரையில் வைத்து, ஷட்ஜத்திலிருந்து நி, த என்று இறங்கி மந்திர பஞ்சமத்தில் நின்றேன். மூச்சு தீரும் வரை நின்றேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கையை நீட்டி ரீடைக் கழற்றித் தரச் சொன்னார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நகத்தால் நுனியைத் தொட்டார்.

"பஞ்சமம் வந்துடுச்சு. சீவாளி தடிப்பா இருக்கு. கத்தி எடுத்துட்டு வா."

ரீட் விலை ஆயிரத்துச் சொச்சம் என்று சொல்வதற்குள் அவர் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். ஓபோ ரீடை எங்கே சுரண்டலாம், எங்கே கத்தி படவே கூடாது என்று யாராவது சீக்கிரம் சொல்லுங்கள். அவர் இன்னும் நிறுத்தவில்லை.